பதினேழாவது கேசட்டில் நான்கு நிமிடம்

தம்பி,

வியாழக்கிழமை நீ வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்பதால் தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நான் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய், நான் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். உன் அம்மா போன இந்த நான்கு வருஷமாக நாம் இரண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், அதில் நமக்கு நல்ல பயிற்சி ஆகிவிட்டது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கம்பெனியில் எழுதியதெல்லாம் ஷிப்ட் புத்தகம்தான். எத்தனை பீஸ் அடித்தது, எத்தனை கழிவு, எந்த மிஷின் எவ்வளவு நேரம் நின்றது. இதுவும் அந்த மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள். படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. மறைத்து மட்டும் வைக்காதே.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது உனக்கு ஒரு யோசனை சொன்னேன். நீயும் தலையை ஆட்டினாய். அந்த யோசனை தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஏன் தப்பு என்று சொல்லாமல் வெறுமனே வாங்கிக்கொண்டால் நீ ஏற்கமாட்டாய், சின்ன வயசிலிருந்தே நீ அப்படி. "ஏன், ஏன்" என்று கேட்டே அம்மாவின் பிராணனை வாங்கினவன். என்னிடம் மட்டும் கேட்டதில்லை. நான் கேட்கவிட்டதில்லை என்பதுதான் சரி.

நடந்ததை என் பக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, நீ பீரோ மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினாய். உள்ளே நாற்பது கேசட். நான் ஓசூரில் தகடு வெட்டுகிற ப்ரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராகவும், அவள் காவேரிப்பட்டினத்தில் டீச்சராகவும் தனித்தனியாக இருந்த ஆறு வருஷத்தில் ஒருவருக்கொருவர் பேசி அனுப்பிக்கொண்டவை. ஒரு பக்கம் அவள் பேசி அனுப்புவாள், மறுபக்கம் நான் பேசித் திருப்பி அனுப்புவேன். கடிதம் எழுதச் சொன்னதற்கு, "நாள் பூரா பிள்ளைங்க நோட்டத் திருத்துறேன், வீட்டுக்கு வந்தும் பேனா புடிக்க என்னால ஆவாதுங்க" என்றாள். கிருஷ்ணகிரி வழியாக ஓடுகிற பஸ்ஸில் அவள் ஊர்க்காரர் ஒருவர் கண்டக்டராக இருந்தார், அவர்தான் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவந்து தருவார். ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் வந்துவிட்டால் எனக்கு மாசத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போவதே பெரிய விஷயம். நீ தவழ்ந்ததும் நடந்ததும் எனக்குக் காதில்தான் தெரியும்.

ஒவ்வொரு கேசட் அட்டையிலும் அவள் கையெழுத்தில் தலைப்பு இருக்கும். ‘தம்பிக்கு இரண்டாவது பல், குழாயில் தண்ணீர் இல்லை, ஹெட்மாஸ்டரோடு சண்டை’ என்று இந்த மாதிரி. நீ அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றி எனக்குப் போட்டுக் காட்டினாய். குரல் வந்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. "என்னடா இது, உங்கம்மா இத்தனை கேள்வியா கேட்டு வச்சிருக்கா?" என்றேன். "இல்லப்பா, இந்தப் புரோகிராமுக்குத் தமிழ் தெரியாது" என்றாய். "தெரிய வை" என்றேன். எனக்கு அப்போது அது ஒன்றுதான் பிடிவாதம். அவள் எழுதியது எழுதியபடி திரையில் வர வேண்டும், அதுவும் வருஷ திதிக்குள் வர வேண்டும் என்று உன்னை நச்சரித்தேன். நீயும் பெங்களூரில் வேலையை முடித்துவிட்டு வந்து, லீவு நாளெல்லாம் உட்கார்ந்து எழுதினாய். திதிக்கு முதல் நாள் கொண்டுவந்து காட்டியபோது நாற்பது தலைப்பும் தமிழில் இருந்தன. அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு எப்போது அப்படி இருந்தேன் என்று யோசித்தால் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் புரோகிராம் நம் வீட்டுக்கு மட்டும் செய்தது இல்லை. உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாட்டுக் கேட்கலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருக்கிற சாமான். நீ எழுதியதையும் அவர்கள் அதில் சேர்த்துக்கொண்டார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் பாட்டுப் பெயர் வைத்திருக்கிறவர்களுக்குக்கூட இப்போது சரியாக வருகிறதாம் என்று என் கம்பெனி முனியப்பா மாமாவிடம் நீ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் பஸ் ஸ்டாண்டில் டிக்கெட் அடிக்கிற பெட்டி. ஆனாலும் உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

பொங்கலுக்கு நீ வந்து கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு எனக்குப் புரிகிற மாதிரி ட்ரே வைத்துச் சொன்னாய். தலைப்பு வைப்பதற்கு உள்ளே ஒரு ட்ரே, அதில் இத்தனை குழிதான். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு குழி போதும். நம் எழுத்துக்கு இரண்டு போதும் என்று நீ கணக்கு வைத்துவிட்டாய். உண்மையில் மூன்று வேண்டுமாம், கொம்பும் காலும் சேர்ந்தால் ஆறுகூடப் பிடிக்குமாம். நீ எழுத்தை எண்ணினாய், குழியை எண்ணவில்லை. அம்மா எழுதியதிலேயே நீளமான தலைப்பும் அந்த ட்ரேக்குள் அடங்கிவிட்டதால் உனக்கும் தெரியவில்லை. அதை வாங்கிச் சேர்த்துக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை, அவர்கள் எழுத்துக்கு அந்தச் சிக்கலே கிடையாதே. அவசரமாகத் தன் எழுத்தைத் திரையில் பார்க்கத் தவித்த ஒருவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. அவசரப்படுத்தியது யார் என்று நீ சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன், நான்தான்.

பஃபர் ஓவர்ஃப்ளோ என்று அதற்குப் பேர் சொன்னாய். ட்ரே நிறைந்த பிறகும் உள்ளே வருவது நிற்காது, பக்கத்தில் இருப்பதன் மேல் ஏறி உட்கார்ந்து அங்கே இருந்ததை அழித்துவிடும். பக்கத்தில் இருப்பது, கம்ப்யூட்டர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிற இடம். கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருவன் வேண்டுமென்றே ஒரு பாட்டுக்கு நீளத் தலைப்பு வைத்து அனுப்பினால், அந்த இடத்தில் தன் உத்தரவை எழுதிவிடலாம். பாட்டுதானே என்று யாராவது திறந்தால் போதும், அவர்கள் கம்ப்யூட்டர் இவன் கைக்குப் போய்விடும். இதை வெளிநாட்டில் ஒருவர் கண்டுபிடித்து உனக்கு மட்டும் மெயில் எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தப்பு இன்னது, திருத்தி எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள், நான் கண்டுபிடித்ததை இன்னொருவரும் கண்டுபிடிக்கலாம், பதில் போடுங்கள் என்று. மூன்று வாரம் ஆகியும் நீ பதில் போடவில்லை.

"அறிவிப்புல என் பேரு இருக்கும்பா" என்றாய். "அங்க என்னை எடுத்திருக்கறதே இந்த மாதிரி ஓட்டைய அடைக்கற செக்யூரிட்டி டீமுக்கு. போய் இறங்கறதுக்குள்ள இது வந்துச்சுன்னா என்ன நெனைப்பாங்க?" நான் கரும்பைத் துப்பிவிட்டுச் சொன்னேன். "சத்தமில்லாம திருத்திப் போட்டுரு. எதுக்காகத் திருத்தினேன்னு எதுக்கு எழுதணும்? சின்ன மாத்தம்னு எழுதிட்டுப் போ." "அப்படிப் பண்ணா பழசையே வச்சிருக்கறவங்களுக்குத் தெரியாதுப்பா. அவங்க மாத்தமாட்டாங்க" என்றாய். "உன் மிஷினைச் சரி பண்ணிட்டல்ல, அது போதும்" என்றேன். யோசிக்காமல் வந்தது அந்த வார்த்தை. நீ தலையாட்டிவிட்டுக் கரும்பை எடுத்துக் கடித்தாய். நீ ஊருக்குக் கிளம்பிப் போன பிறகுதான், அதே வார்த்தையை நான் இதற்கு முன்னாலும் ஒரு தடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

நீ கேசட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பதினேழாவதுல உங்க பக்கத்துல கடைசியா நாலு நிமிஷம் நீங்க பேசவேயில்ல. அம்மா அரிசி களையற சத்தம்தான் வருது. அது எப்படிப்பா?" என்று கேட்டாய். "தெரியலையே, பட்டனை மாத்தி அமுக்கியிருப்பா" என்றேன். எனக்குத் தெரியும். அந்த நான்கு நிமிடத்துக்கு அடியில் நான் பேசியது இருந்தது. அம்மா அதன் மேல் அரிசி களைந்து அழித்தாள். அழிக்கச் சொன்னவன் நான். அதில் நான் பேசியதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன்.

அப்போது உனக்கு மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பட்டினத்தில் உனக்கு மொட்டையடித்துக் காது குத்து. சனிக்கிழமை நாலு மணி பஸ்ஸை நான் பிடித்தாக வேண்டும், அன்றைக்கு அடிக்க வேண்டிய பீஸ் பாக்கி இருந்தது. ப்ரஸ் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும், வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். மேலேயிருந்து பெரிய எடை இறங்கித் தகட்டை வெட்டுகிற மிஷின் அது. இரண்டு பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருப்பார்கள். ஆனால் இரண்டு கையும் பட்டனுக்குப் போனால் தகடு வைத்து எடுக்க நேரம் ஆகும். அதனால் எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டி, ஒரு பட்டனை அமுக்கினபடியே வைத்து அதன் மேல் இழுத்து மாட்டிவிடுவது. பிறகு ஒரு கை போதும். ‘ரப்பர் போடுறது’ என்று பேர். தமிழ் ஆளுக்கும் கன்னட ஆளுக்கும் தெலுங்கு ஆளுக்கும் அந்த ஷாப்பில் விளக்கம் தேவைப்படாத சொல் அது. மேலே இருந்தவர்களுக்கும் தெரியும், அந்தப் பக்கம் வரும்போது வேறெங்காவது பார்ப்பார்கள்.

அந்த ப்ரஸ்ஸில் இருந்தது முனியப்பா. ஆமாம், உன் முனியப்பா மாமாதான். அவன் ரப்பர் வேண்டாம் என்றான். "வாண்டாம் சார், நேத்து நைட்டும் நான்தான் பாத்தேன். கண்ணு சொருவுது." நான், "ஒரு மணி நேரந்தான்யா, எனக்கு பஸ்ஸு இருக்கு" என்று சொல்லி, என் கையாலேயே ரப்பரை மாட்டினேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். நான் அவனுக்கு முதுகைக் காட்டி நின்று புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ப்ரஸ் எப்போதும் அடிக்கிற மாதிரிதான் அடித்தது, அவனும் கத்தவில்லை. பக்கத்து மிஷின்காரன் கத்தினதைக் கேட்டுத்தான் திரும்பினேன். முனியப்பா தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

நாலு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ரப்பரைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். நான் முதலில் செய்த காரியம் அதுதான், அந்த வரியை இன்னொரு தடவை படி. துணி தேடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை, ரப்பரைக் கழற்றினேன். அந்த வரிசையில் இன்னும் ஐந்து ப்ரஸ் இருந்தது, அவற்றிலும் ரப்பர் இருந்தது. அதை நான் தொடவில்லை. தொட்டால் இதிலும் இருந்தது என்று ஆகிவிடும். என் மிஷின் சரியாகிவிட்டது, அது போதும் என்று சொல்லிக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டு பட்டனும் வேலை செஞ்சுதா?" "செஞ்சுது சார்" என்றேன். பொய்யும் இல்லை பார், பட்டன் இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன. ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று ரிப்போர்ட் எழுதினார்கள், அடியில் நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து அழகாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன். உனக்குக் காது குத்தினார்கள், நீ ஊரையே கூட்டினாய். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன், பாயசம் இன்னொரு தடவை வாங்கிக்கொண்டேன். மறுநாள் துவைப்பதற்குப் பேன்ட்டை எடுத்த அம்மா, "இது என்னாங்க ரப்பரு? என்னமோ காஞ்சிபோய் ஒட்டியிருக்குது?" என்றாள். "சைக்கிளுது" என்றேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஓசூர் வந்த பிறகு, அவள் அனுப்பியிருந்த பதினேழாவது கேசட்டின் என் பக்கத்தில், கடைசி நான்கு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி, கேட்டதும் அழித்துவிடு என்றேன். அவள் அழித்தாள். ரெக்கார்டரை அடுப்படியில் வைத்துப் பட்டனை அமுக்கிவிட்டு அரிசி களைந்திருக்கிறாள். கடைசியில் உன் குரல் வரும், "அப்பா பேச்சு எங்கம்மா?" என்று. "முடிஞ்சிருச்சு" என்பாள். பதினெட்டாவதில் எல்லாக் கதையும் பேசிவிட்டு, முடிக்கும்போது, "அவருகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டிருப்பாள். பத்தொன்பதிலும் கேட்டிருப்பாள். ஏற்றும்போது உன் காதிலும் விழுந்திருக்கும், யாரிடம் எதைச் சொல்ல என்று உனக்குப் புரிந்திருக்காது. இருபதில் அவள் அதைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து, அதே வரிசையில் மூன்றாவது ப்ரஸ். சிங்காரப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த ஆள், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ரப்பர் மாட்டியிருந்தது. நாலு விரல் போயிற்று. அவர் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார், பிறகு என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. அதற்கப்புறம்தான் பட்டனுக்கு மூடி வைத்தார்கள், ரப்பர் வைத்திருந்தால் வேலை போகும் என்று போர்டு போட்டார்கள். நான் அன்றைக்கே வாயைத் திறந்து ரப்பர் இருந்தது என்று சொல்லியிருந்தால் அந்த மூடி ஐந்து மாதம் முன்னாலேயே வந்திருக்கும். முனியப்பாவின் விரலுக்கு என் அவசரம் காரணம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. அதற்கு எனக்கு நிறைய நாள் இருந்தது.

முனியப்பாவுக்கு ஸ்டோரில் வேலை மாற்றிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஓசூருக்கு மாற்றல் கிடைத்து நாம் மூன்று பேரும் ஒரு வீட்டுக்கு வந்த பிறகு, அவன் ஒவ்வொரு அவரைக்காய் சீசனுக்கும் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுப்பான். நீ அவன் கையைப் பிடித்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவாய். அவன் விரலை வைத்துத்தான் கன்னடத்தில் எண்ணக் கற்றாய். ஒந்து, எரடு, மூரு வரைக்கும் வலது கை, அப்புறம் இடது கைக்குத் தாவுவாய். எண்ணுவது என்றாலே அப்படித்தான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாய். நான் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்ப்பாள், அவனுக்குக் காபி கொடுப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாகலூர் பக்கம் அவன் ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன். அவன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கித் தோல் எடுத்துக்கொண்டிருந்தான். இடது கையால் பிதுக்குகிறான், வேகமாகத்தான் வருகிறது. "வாங்க சார், ஊட்டா ஆய்த்தா, சாப்ட்டீங்களா? பையன் எப்பப் போறான்?" என்றான். நான் நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். "முனியப்பா, அன்னைக்கு விசாரணைல ரப்பர் இருந்துச்சுன்னு நான் சொல்லல. நான்தான் கழட்டி ஒளிச்சேன்."

அவன் கை நிற்கவில்லை. "தெரியும் சார்" என்றான். "ரிப்போர்ட்ட என் மச்சான் படிச்சிக் காட்டுனான். கவனக்கொறைவுன்னு எழுதிக்கீது, கீழ உங்க சார் கையெழுத்து கீதுன்னு சொன்னான்." "அப்பவே ஏன்யா என்னைக் கேக்கல?" என்றேன். "நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். ஒரு வருசம் அப்படியே போச்சி. அப்பறம் பையன் என்கிட்ட ஒட்டிக்கினான். கேட்டா நீங்க என்னை வூட்டுப்பக்கம் சேக்கமாட்டீங்க, பையனையும் பாக்க முடியாது. சரின்னு உட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அந்த மூன்று விரல் கையைத் தூக்கி வேண்டாம் என்று ஆட்டினான். "என் வெரலு போனது போச்சி சார், அது அவசரத்துல ஆனது. ஒரு மிஷின்ல கழட்டுனீங்க இல்ல, பக்கத்து மிஷின்லயும் கழட்டச் சொல்லியிருக்கலாம். எனக்கு அதுதான் இன்னும் ஆறல. அந்தச் சிங்காரப்பேட்ட கோவிந்தன் என்ன ஆனாரோ." முனியப்பா சொன்ன பிறகுதான் அந்த ஆளின் பெயரையே நான் மறந்துவிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கிண்ணம் பிதுக்கினேன். கிளம்பும்போது உனக்கென்று ஒரு பொட்டலம் பிதுக்கின பருப்புக் கொடுத்தான், விமானத்தில் விடமாட்டார்கள் என்று சொன்னதற்கு, "அப்ப நீங்களே குழம்பு வச்சி சாப்புடுங்க" என்றான். பஸ் ஏறினேன், டிக்கெட் எடுத்தேன், ஓசூரில் இறங்கினேன். இரண்டு நாளாக அந்தக் குழம்பைத்தான் சாப்பிடுகிறேன்.

அதனால், அந்த மெயிலுக்குப் பதில் எழுது. வியாழக்கிழமைக்குள் எழுது, அங்கே போய் இறங்கிய பிறகு எழுதலாம் என்று வைக்காதே. இறங்கிய பிறகு வேறொரு காரணம் கிடைக்கும், எனக்கு ஒவ்வொரு வருஷமும் கிடைத்தது. தப்பு இன்னது, செய்தவன் நான், பழசை வைத்திருப்பவர்கள் உடனே மாற்றுங்கள் என்று உன் பெயரைப் போட்டு எல்லோருக்கும் சொல். நீ பார்த்தே இராத ஒருவன் எங்கோ உட்கார்ந்து பழசில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவனுக்குத் தெரிய வேண்டும். வேலை போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல எனக்கு வரவில்லை. போய்விடக் கூடாது என்று ஆசையாகத்தான் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. இருந்தாலும் எழுது. கேட்காமல் காத்திருக்கிறவர்களை மறந்துவிட்டார்கள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். முனியப்பா இருபத்திரண்டு வருஷம் மறக்கவில்லை.

இதோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். இப்போது இதெல்லாம் யார் சார் வாங்குறாங்க என்று நாலு கடையில் சிரித்தார்கள், ஐந்தாவது கடையில் தூசி தட்டிக் கொடுத்தார்கள். பதினேழாவதிலேயே அந்த நான்கு நிமிடத்தில் பேசிவிடலாமா என்று முதலில் நினைத்தேன், ரெக்கார்ட் பட்டன் வரைக்கும் விரல் போய்விட்டது. அதில் அவள் அரிசி களைகிறாள், நீ அப்பா பேச்சு எங்கே என்று கேட்கிறாய். அதன் மேல் ஏற எனக்கு மனசு வரவில்லை. அதனால் இது புதிது, நாற்பத்தொன்றாவது. அன்றைக்குச் சொன்னதையே மறுபடி சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை நான்கு நிமிடத்தில் முடியவில்லை.

தலைப்பு எழுதுவது எப்போதும் அம்மாவின் வேலை. இதற்கு நானே எழுதினேன், அட்டையின் முன்பக்கம் போதாமல் பின்பக்கமும் போயிருக்கிறது. ‘ரப்பரை மாட்டியது நான், முனியப்பாவின் இரண்டு விரல், கழற்றி ஒளித்தது நான், விசாரணையில் சொல்லாமல் விட்டது நான், பக்கத்து ப்ரஸ்ஸில் கழற்றச் சொல்லாததும் நான், சிங்காரப்பேட்டை கோவிந்தனின் நான்கு விரல், ரிப்போர்ட்டில் இருப்பது என் கையெழுத்து’. இதில் ஒரு எழுத்தையும் குறைக்காமல் ஏற்று. எண்ணிப் பார்த்துவிட்டேன், உன் ட்ரேயில் இது அடங்காது. முதலில் அதைத் திருத்து, திருத்தியதை எல்லோருக்கும் சொல், அப்புறம் இதைப் போட்டுக் கேள்.

அப்பா